நான் டைப் செய்து கொடுத்த முகவரி

உத்திரமேரூருக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில் நான் அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சராக இருந்தேன். டீச்சர் என்பது பெயருக்குத்தான். பாடம் நடத்தியது சென்னையில் இருந்த ஒரு கம்பெனி. பாடங்கள் எல்லாம் அவர்களுடைய இணையதளத்தில் இருந்தன. பிள்ளைகள் எங்கள் சென்டருக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துப் படித்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களைப் படம் பிடித்து, அவர்களுடைய விவரங்களை அந்தத் தளத்தில் ஏற்றுவதும், பாடம் நடுவில் நின்றுபோனால் திரும்ப ஓட வைப்பதும்தான் என் வேலை. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பக்கத்து கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன்.

சென்டர் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கடையும் சென்டரும் ஒருவருடையதுதான். ஊரில் எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். கடைக்குப் பின்னாலேயே அவருடைய வீடு. பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்த்தே எடை சொல்லிவிடுகிற மனிதர், கம்ப்யூட்டர் பக்கம் வரவே கூச்சப்படுவார். "எனக்கு இன்னா தெரியும், எல்லாம் டீச்சரம்மா பாத்துக்கும்" என்பார். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். கழுத்தில் ஒன்றும் இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் சான்றிதழ்கள். பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கியிருப்பதாகவும், டேட்டா என்ட்ரி வேலைக்குப் போக வேண்டும் என்றும், அதற்குப் படிக்க வந்ததாகவும் சொன்னாள். நான் பாரத்தை எடுத்துக் கேட்கக் கேட்க அவள் பதில் சொன்னாள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர். முகவரி கேட்டபோது சிநேகிதியின் வீட்டு முகவரியைச் சொன்னாள். தொலைபேசி எண் கேட்டபோது தயங்கினாள்.

"கட்டாயம் குடுக்கணுமா மிஸ்?"

"அது இல்லாம அடுத்த பக்கத்துக்கே போகாதுக்கா" என்றேன். உண்மைதான். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றுவிடும்.

சிநேகிதி வீட்டு எண்ணைச் சொன்னாள். வெப்கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். பின்னால் எங்கள் சென்டரின் நீலத் திரைச்சீலை. படத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"இதையெல்லாம் யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கும்."

யோசிக்காமல் சொன்னேன். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கும். அதன் அடியில் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டுவேன், அவர்கள் போடுவார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் அப்படிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். ஒரு தடவைகூட அதை நான் படித்ததில்லை.

திங்கள், புதன், வெள்ளி, பதினொரு மணி பேட்ச். அவள் ஒரு நாளும் தவறவில்லை. விரல்கள் அவ்வளவு வேகம். மற்றவர்கள் ஒரு பாடம் முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிடுவாள். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் அடங்கிவிட்டது. மற்றவர்கள் கீழே டீ குடிக்கப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் சொன்னாள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அம்பத்தூரில் புருஷன். அவனிடமிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. சொந்தக்காரர்கள் வீடு ஒவ்வொன்றாக அவன் தேடிவிட்டான். காலேஜ் ஹாஸ்டலில் கூட இருந்த சிநேகிதி வீடு மட்டும் அவனுக்குத் தெரியாது.

"குடிப்பாராக்கா?" என்று கேட்டேன்.

"குடிக்க மாட்டாரு. கத்தவும் மாட்டாரு. மெதுவாப் பேசிக்கினே அடிப்பாரு. பக்கத்து வூட்டுக்குக்கூட கேக்காது."

சொல்லிவிட்டு முழங்கையை மடித்துக் காட்டினாள். அது முழுதாக மடியவில்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவள் முகம் வெளிறி வந்தாள். சிநேகிதி வீட்டுக்கு ஒரு வாரமாக போன் வருகிறதாம். எடுத்தால் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. நேற்று குழந்தை ஓடிப்போய் எடுத்து 'அல்லோ' என்றிருக்கிறது. அப்போது மட்டும் அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்து விட்டது கேட்டதாம்.

"ராங் நம்பரா இருக்கும்க்கா" என்றேன்.

வகுப்பு முடிந்து அவள் போன பிறகுதான் எனக்கு ஏனோ தோன்றியது. தேடுகிற பக்கத்தைத் திறந்து அவளுடைய பெயரைத் தட்டினேன். அவள் பெயர் அபூர்வமான பெயர். அப்பா தமிழ் வாத்தியார், ஆசையாகத் தேடி வைத்தது. வேறு யாருக்கும் அந்தப் பெயர் இருந்து நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரே ஒரு முடிவு வந்தது. எங்கள் கம்பெனியின் தளம். அதைச் சொடுக்கினேன். நீலத் திரைச்சீலைக்கு முன்னால் அவள் முகம் மெல்ல மெல்லத் திறந்தது. அப்போதெல்லாம் படங்கள் மேலிருந்து கீழாக, கோடு கோடாகத்தான் வரும். நெற்றி வந்தது, கண் வந்தது, வாய் வந்தது. பக்கத்தில் பெருநகர் முகவரி, தெருப் பெயரோடு. தொலைபேசி எண். எங்கள் சென்டரின் பெயர். திங்கள், புதன், வெள்ளி, பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. எல்லாம் நான் தட்டியவை. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

பாஸ்வேர்டு போடாமல்தான் அந்தப் பக்கத்துக்குள் வந்திருக்கிறேன் என்பது உறைக்க ஒரு நிமிடம் ஆனது.

அந்தப் பக்கத்தை மாற்றவோ எடுக்கவோ எனக்கு வழி இருக்கவில்லை. ஏற்றுவது மட்டும்தான் சென்டரின் உரிமை. நீக்குவது கம்பெனி கையில். கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், தயவுசெய்து இந்த மாணவியின் பக்கத்தை உடனே எடுத்துவிடுங்கள் என்று. மூன்று வேலை நாட்களுக்குள் பதில் தருவோம் என்று தானாக ஒரு பதில் வந்தது.

பாயிடம் நான் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. பெருநகர் எண் எனக்குத் தெரியும். மனப்பாடமாகவே தெரியும். சனிக்கிழமை இரண்டு தடவை ரிசீவரைக் கையில் எடுத்து வைத்தேன். என்ன சொல்வது? யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது என்றா? திங்கட்கிழமைக்குள் பக்கத்தை எடுத்துவிடுவார்கள், அவளுக்குத் தெரியாமலே விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதைவிட, வேண்டிக்கொண்டேன் என்பது சரி.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அவன் வந்தான்.

ஐந்து பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தமே இல்லாமல் ஒருவர் வந்து கதவருகில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஹெல்மெட். நல்ல உத்தியோகத்தில் இருப்பவர் மாதிரி இருந்தார். செருப்பைக் கழற்றி வெளியே ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்து, என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"மேடம், நாங்க சென்னைல ஒரு கம்பெனி. டேட்டா என்ட்ரிக்கு ஆள் எடுக்கிறோம். உங்க ஸ்டூடண்ட் ஒருத்தங்க புரொஃபைல் பாத்தோம். நேர்ல பேசிட்டுப் போலாம்னு வந்தேன்."

மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். அவளுடைய பக்கம். அச்சில் திரைச்சீலையின் நீலம் கறுத்துப்போயிருந்தது.

ஒரு கணம் நான் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். இதற்காகத்தானே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள், வேலை வந்துவிட்டது என்றே நினைத்தேன். "பதினோரு மணிக்கு வருவாங்க சார்" என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது.

அதற்குள் அவரே கேட்டார். "கிளாஸுக்குக் குழந்தையையும் கூட்டிட்டு வருவாங்களா?"

மெதுவான குரல். பக்கத்து நாற்காலியில் இருக்கிறவருக்குக்கூடக் கேட்காது. பாரத்தில் குழந்தை என்று ஒரு கட்டமே கிடையாது.

சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து. பெருநகர் பஸ் பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும்.

"அவங்க இப்ப சரியா வர்றதில்ல சார்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"பரவால்ல மேடம். பதினோரு மணி பேட்ச்னு போட்டிருக்கு. இவ்ளோ தூரம் வந்துட்டேன், இருந்து பாத்துட்டே போறேன்."

சிரித்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

பிரிண்டருக்குப் பேப்பர் எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். பாய் கடையில் ஒரு அண்டாவைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், மேல ஒரு ஆள். பெருநகர் அக்காவோட வூட்டுக்காரன். அடிக்கிறவன். தேடிக்கினு வந்துட்டான். அவங்க பஸ்ல வந்துகினு கீறாங்க."

பதற்றத்தில் வீட்டில் பேசுகிற பேச்சு வந்துவிட்டது. பாய் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். எப்படித் தெரியும், ஏன் வந்தான், எதுவும் கேட்கவில்லை. பின்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"பர்தாவ போட்டுக்கினு வா. ஆட்டோவுல போணும்." பிறகு என்னிடம், "நீ மேல போம்மா. அவன் எழுந்திருக்காம பாத்துக்க. பேச்சுக் குடு."

"எனக்கு பயமா கீது பாய்."

"எனக்கும்தான் கீது. போ."

பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவன் எழுந்து பிள்ளைகளின் பின்னால் நின்று திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மேஜையில் வருகைப் பதிவேடு திறந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு நேராக அவளுடைய கையெழுத்து. அவன் அதைப் பார்த்தானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பேப்பர் கட்டை அதன் மேலேயே வைத்தேன்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அவனோடு என்ன பேசினேன் என்பது பாதி நினைவில்லை. என்னென்ன கோர்ஸ் இருக்கிறது, எத்தனை மாதம் என்று அவன் கேட்டான், நான் சொன்னேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். பிள்ளைகளில் ஒருத்தி திரும்பி, "மிஸ், அந்தக்கா இன்னும் வரலியா?" என்று கேட்டபோது என் உயிர் போய் வந்தது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்தேன். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அவன் தலை நிமிரும்.

பதினொன்று இருபதுக்கு எழுந்தான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"நீங்க பஸ்லதான் வர்றீங்களா மேடம்?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் என் கிராமத்தின் பெயரை அவனே சொன்னான். "அந்த சைட்ல உங்க பக்கமும் இருக்கே."

அவன் இறங்கிப் போய் எதிரே டீக்கடையில் நின்றான். நான் ஜன்னலை மூடவும் பயந்து, திறந்திருக்கவும் பயந்து, சுவரோடு ஒட்டி நின்றேன். பன்னிரண்டு மணி வரைக்கும் அங்கேயே நின்று எங்கள் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பெருநகர் ரோட்டில் போனான்.

நடந்ததை பாய் மாலையில் வந்து சொன்னார். ஏரிக்கரை நிறுத்தத்தில் ஆட்டோவை நிறுத்தி, பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பாய் வீட்டம்மா பஸ்ஸில் ஏறி அவள் காதில் இரண்டு வார்த்தை சொன்னதும், அவள் ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்துவிட்டாளாம். நேராகப் பெருநகர் போய், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் போயிருக்கிறார்கள். அங்கே பாயின் தங்கை வீடு. அவர்கள் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து அவன் அந்தச் சிநேகிதி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். 'யாரும் இல்லை' என்று சொன்ன சிநேகிதியிடம் கோபப்படவே இல்லையாம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த குழந்தையின் கவுனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சைஸ் பெருசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

மறுநாள் நான் காஞ்சிபுரம் போனேன். அவள் ஓர் உள்ளறையில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தை சத்தம் போடாமல் விளையாடக் கற்றிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பக்கம் எப்படி யாருக்கும் திறக்கிறது, அதில் என்னென்ன இருக்கிறது, நான் எப்போது பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா மிஸ் உங்களுக்கு?"

"ஆமாக்கா."

"மூணு நாள் இருந்துச்சே."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, திட்டவில்லை. பாயின் தங்கை எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அதை என்னால் குடிக்க முடியவில்லை.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு போன் வந்தது. அப்பா எடுத்தார். கழனியிலிருந்து வந்து, கால் கழுவாமல், ஈரச் சேற்றோடு நின்று ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற நீ அங்க? எவனோ ஒத்தன், 'உங்க பொண்ணு எட்டே முக்கால் பஸ்ல ஏறுது, சாயந்திரம் அஞ்சரைக்கு எறங்குது, நல்ல பொண்ணு, அடுத்தவங்க குடும்பத்துல தலையிடச் சொல்லாதீங்க' அப்டின்றான். என் பேரு சொல்றான். நம்ம தெரு பேரு சொல்றான்."

என் பஸ் நேரம் அந்தத் தளத்தில் கிடையாது. அதை அவன் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"நாளைலருந்து வேலைக்குப் போவாத" என்றார் அப்பா. அவர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு வாரம் வீட்டுக்குள் இருந்தேன். ரோட்டில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தால் எழுந்து உள்ளே போவேன். தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது கையில் இருந்த சொம்பைக் கீழே போட்டேன். எட்டாவது நாள் அப்பாவே என்னை மொபெட்டில் உட்கார வைத்து சென்டருக்குக் கொண்டுவந்து விட்டார். சம்பளப் பாக்கி எதுவும் வேண்டாம், சொல்லிவிட்டு வந்துவிடு என்றார். கீழே கடையில் காத்திருந்தார்.

நான் கடைசியாக ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்னும் இருந்தது. மேலே இணைய முகவரியின் கடைசியில் ஓர் எண் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அது அவளுடைய பதிவு எண். ஏன் செய்தேன் என்று தெரியாது, அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டித் தட்டினேன். அவளுக்கு அடுத்ததாகச் சேர்ந்த பையனின் முகம் வந்தது. இன்னொன்று கூட்டினேன். களியாம்பூண்டிப் பெண் ஒருத்தி, ப்ளஸ் டூ முடித்தவள், வீட்டில் யாருக்கும் தெரியாமல் வந்து படித்தவள். அவளுடைய படம், ஊர், போன். நான் எண்ணை மாற்றிக்கொண்டே போனேன். எல்லோரும் இருந்தார்கள். நீலத் திரைச்சீலைக்கு முன்னால், நான் சொன்னதால் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துக்கொண்டு.

பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பின்னால் நின்றார். எங்கள் சென்டரின் முதல் எண்ணைத் தட்டினேன். சென்டர் திறந்த அன்று, கணக்குக் காட்ட ஒரு ஸ்டூடண்ட் வேண்டும் என்று, பாய் தன் மகளைத்தான் முதலில் சேர்த்திருந்தார். பதினேழு வயது. அந்தப் பெண்ணின் முகம் கோடு கோடாக இறங்கி வந்தது.

பாய் குனிந்து திரையில் அந்த முகத்தை விரலால் தொட்டார். பிறகு கேட்டார்.

"இது இப்ப எங்கெங்க தெரியும்?"

"எல்லா ஊர்லயும் பாய்."

"துபாய்ல?"

"தெரியும்."

கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு மெட்ராசுக்குப் போறோம். உங்க நைனாவும் வரட்டும்."

கம்பெனி ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஏசி குளிரில் அப்பா துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். எங்களிடம் பேச வந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும்.

"ஓப்பன் புரொஃபைல் எங்க பாலிசி மேடம். அப்பத்தானே கம்பெனிங்க பாத்து வேலை குடுப்பாங்க? அதுவும் இல்லாம, ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் சம்மதிச்சிருக்காங்க."

அவளுடைய பாரத்தின் நகலை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினான். தரும் விவரங்களைத் தளத்தில் காட்டவும், கூட்டாளி நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ளவும் எனக்குச் சம்மதம். அதன் கீழே அவளுடைய கையெழுத்து.

"கூட்டாளி நிறுவனம்னா யாரு சார்?" என்று கேட்டேன்.

"அது நிறைய இருக்கு மேடம். லிஸ்ட் குடுக்க முடியாது."

பாய் அந்தக் காகிதத்தை வாங்கி என் பக்கம் நீட்டினார். "இது இங்கிலீசு. நீ படிச்சியாம்மா?"

"இல்ல பாய்."

அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா இருக்கிறார், அந்தப் பையன் இருக்கிறான். எல்லோருக்கும் முன்னால் அதைச் சொன்னேன். அவனிடம் நாங்கள் கத்துவதற்கு வந்தோம். ஆனால் அந்தக் காகிதத்தில் அவள் பேனா எங்கே போக வேண்டும் என்று காட்டியது என் விரல்.

பாய் கத்தவில்லை. "எங்க சென்டர் புள்ளைங்க அத்தினி பேரையும் எடுத்தாத்தான் நான் எழுந்திருப்பேன்" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பையன் போனான், வந்தான், மேலதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார் என்றான். மதியத் தொழுகை நேரம் வந்தது. பாய் வராந்தாவின் மூலையில் கைக்குட்டையை விரித்துத் தொழுதுவிட்டு, திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வந்திருந்தோம். நாலு மணி ஆனது. கடைசியில் ஒரு நடுவயது அம்மாள் உள்ளேயிருந்து வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கொடியில் தொங்கிய கவுனைப் பற்றிச் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்தினார்.

அவர் எங்களை ஒரு கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொரு பக்கமாக நீக்க வைத்தார். "எங்ககிட்ட இருந்து ஏற்கெனவே போனதை என்னால திருப்பி வாங்க முடியாதும்மா" என்று மட்டும் மெல்லச் சொன்னார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுடைய பக்கங்கள்தான் போயின. மற்ற ஊர்களுடையவை அப்படியே இருந்தன. எண்ணை மாற்றினால் அவர்கள் வந்துகொண்டிருப்பார்கள் என்பது எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். அன்றைக்கு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

தளத்தில் நீங்கிய பிறகும் தேடினால் அவளுடைய பழைய பக்கத்தின் நகல் ஒன்று சில வாரங்கள் வந்துகொண்டே இருந்தது. மெட்ராஸ் போய் வந்த பிறகு அப்பா என்னை வேலையை விடச் சொல்லவில்லை. தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அவள் பெயரைத் தட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் ஒன்றும் இல்லை என்று வந்தது. மறுபடி மறுபடி தட்டினேன். ஒன்றும் இல்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

காஞ்சிபுரம் மகளிர் காவல் நிலையத்தில் அவள் புகார் கொடுத்தாள். அந்த அச்செடுத்த காகிதத்தைப் பற்றியும், எங்கள் வீட்டுக்கு வந்த போனைப் பற்றியும் நானும் அப்பாவும் எழுதிக் கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அப்போதும் அதே மெதுவான குரலில் பேசினானாம். குழந்தை கேட்டு வழக்குப் போட்டான். அது இரண்டு வருடம் இழுத்து, குழந்தை அவளிடமே இருக்கட்டும் என்று ஆனது. எங்கள் ஊருக்கு அவன் மறுபடி வரவில்லை.

பாய் அந்தக் கம்பெனியோடு இருந்த தொடர்பை முறித்துக்கொண்டார். மாடியில் டைப்ரைட்டிங், டேலி வகுப்பு மட்டும் நடந்தது. சேருகிறவர்களின் விவரங்களை நோட்டில் எழுதி, கடைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் ஒவ்வொரு மாணவரின் வீட்டுக்கும் போய், நடந்ததைச் சொல்லி, தெரியாத ஆள் போன் செய்தால் கவனமாக இருங்கள் என்று சொன்னேன். சில வீடுகளில் மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். சில வீடுகளில் வாசலோடு அனுப்பினார்கள். களியாம்பூண்டிப் பெண்ணுக்கு வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்கும் காரணம் நான்தான்.

வழக்கு முடிந்த பிறகு அவள் ஒரு தடவை சென்டருக்கு வந்தாள், எங்களிடம் தங்கிப்போன அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொள்ள. குழந்தை பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு கூட வந்திருந்தது. பாய் அதற்கு ஒரு குட்டி எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தார். அவளுக்கு எங்கோ ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. என்னிடம் நன்றாகத்தான் பேசினாள்.

"இப்ப எங்கக்கா இருக்கீங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சிரித்தாள். பதில் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். நான்கைந்து பஸ்கள் நின்றிருந்தன. குழந்தைக்கு டாட்டா காட்டிவிட்டு, அவர்கள் எதில் ஏறுகிறார்கள் என்று தெரிவதற்கு முன்னால் திரும்பி நடந்தேன்.